போர்டு ஸ்கூல் முதல் மேல்நிலைப் பள்ளி வரை: ஊர்ப் பள்ளியின் வரலாற்றைத் தொகுக்கும் வழி

நுழைவாயில் வளைவில் 1955 என்று இருக்கும். முகப்புக் கட்டடத்துக் கல்லில் 1959. தலைமையாசிரியர் பெயர்ப் பலகை 1962இல் தொடங்கும். "அதெல்லாம் தப்பு, வெள்ளைக்காரன் காலத்திலேயே இங்கே பள்ளிக்கூடம் இருந்தது" என்பார் ஊர்ப் பெரியவர் ஒருவர். விழா மலர் போட உட்காரும் குழு முதல் கூட்டத்திலேயே இதை வைத்துத்தான் சண்டை போடும். சண்டையே வேண்டாம். நாலுமே சரியாக இருக்கலாம்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி எதுவும் ஒரே நாளில் பிறந்ததில்லை. ஓராசிரியர் தொடக்கப் பள்ளியாக ஒரு நாள், நடுநிலையாக ஒரு நாள், உயர்நிலையாக ஆணை வந்தது ஒரு நாள், ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகள் உட்கார்ந்தது வேறொரு நாள், கட்டடம் திறந்தது இன்னொரு நாள் என்று படிப்படியாக வந்தவை. ஒரு தடித்த நோட்டு வாங்கி, இந்த ஒவ்வொரு நாளுக்கும் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். கிடைக்கிற ஆண்டு எதுவானாலும் "இது எந்த நாளைச் சொல்கிறது?" என்று கேட்டு, அதற்குரிய பக்கத்தில் எழுதுங்கள். எங்கிருந்து கிடைத்தது என்பதையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். வேலையில் பாதி இதிலேயே முடிந்துவிடும்.

ஒரு கணக்கு கைவசம் இருக்கட்டும். 1978க்கு முன் பள்ளிப் படிப்பு 11 ஆண்டு. எட்டு வரை இருந்த பள்ளி 1958 ஜூனில் உயர்நிலையானது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1958-59இல் ஒன்பது, 59-60இல் பத்து, 60-61இல் பதினொன்று. அப்படியானால் முதல் எஸ்.எஸ்.எல்.சி. அணி தேர்வு எழுதியது 1961இல். "நாங்கதான் முதல் செட், 59லேயே எழுதினோம்" என்று ஒருவர் சொன்னால், ஒன்று ஆணை ஆண்டு தவறு, அல்லது அவர் பக்கத்து ஊர்ப் பள்ளி வழியாகத் தேர்வு எழுதியிருக்கிறார். 1978இல் மேல்நிலை வகுப்பு வந்தது. பிளஸ் டூ முதல் பொதுத்தேர்வு 1980இல். 1978க்கு முந்தைய எந்த ஆண்டோடும் "மேல்நிலைப் பள்ளி" என்று எழுதியிருந்தால், பின்னால் யாரோ மாற்றி எழுதிய பலகை அது.

பழைய ஆட்கள் வகுப்பைச் சொல்லும் முறையும் குழப்பும். முதல் பாரம் என்றால் ஆறாம் வகுப்பு, நாலாம் பாரம் என்றால் ஒன்பது, ஆறாம் பாரம் என்றால் பதினொன்று. "நான் ஆறாம் பாரத்தோட நின்னுட்டேன்" என்பவரை ஆறாம் வகுப்பில் நின்றவராக எழுதிவிட்டால், பள்ளி இறுதிவரை படித்த மனிதரை ஐந்து வகுப்பு கீழே இறக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

பள்ளி யாருடையதாக இருந்தது

இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த அலுவலகப் படியும் ஏறாதீர்கள். கிராமப்புறத்துப் பழைய உயர்நிலைப் பள்ளிகளில் பெரும்பாலானவை ஜில்லா போர்டு (மாவட்ட அளவிலான உள்ளாட்சி அமைப்பு) நடத்தியவை. 1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்தைத் தொடர்ந்து ஜில்லா போர்டுகள் போயின. தொடக்கப் பள்ளிகளும் நடுநிலைப் பள்ளிகளும் பஞ்சாயத்து யூனியன் கைக்குப் போயின. போர்டு உயர்நிலைப் பள்ளிகளை 1970இல் அரசே நேரடியாக எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகும் ஊரில் பெயர் மாறவில்லை. இன்றைக்கும் பல ஊர்களில் பேருந்து நிறுத்தம் "போர்டு ஸ்கூல்"தான். யூனியன் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியரானது 1981 ஜூன் 1இல். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் "81லதான் கவர்ன்மென்ட் ஆச்சு" என்றால் தன் வேலையைச் சொல்கிறார். பள்ளி ஆரம்பித்த ஆண்டாக அதை எழுதிவிடாதீர்கள்.

மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் என்றால் கள்ளர் சீரமைப்புப் பள்ளியா (கள்ளர் சமூகப் பிள்ளைகளுக்காக அரசு நடத்தும் பள்ளி) என்று பாருங்கள். ஆதிதிராவிடர் நலப் பள்ளி, நகராட்சிப் பள்ளி, முன்பு தனியார் நிர்வாகத்தில் இருந்து அரசிடம் ஒப்படைக்கப்பட்ட பள்ளி ஆகிய ஒவ்வொன்றுக்கும் கோப்பு கிடக்கும் இடம் வேறு. குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. அங்கே பழைய பதிவேடுகளில் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டுக் கணக்கு) வரும். ஆவணி முதல் டிசம்பர் முடிய 824, ஜனவரி முதல் ஆடி முடிய 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு. புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம்.

மாவட்டப் பெயரும் காலத்தோடு நகரும். இன்றைக்குத் திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கும் பள்ளிக்கு 1985க்கு முந்தைய கோப்பு மதுரை என்ற பெயரில்தான் இருக்கும். ஈரோட்டுக்கு 1979க்கு முன் கோயம்புத்தூர். தருமபுரிக்கு 1965க்கு முன் சேலம். இதைத் தெரியாமல் தேடிவிட்டு "ரெக்கார்டே இல்லையாம்" என்று திரும்பி வருகிறவர்கள் நிறையப் பேர்.

தலைமையாசிரியர் அறை பீரோ

முதலில் தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானமும் இருந்தால் நல்லது. தலைமையாசிரியர் மாறினால் வேலை நிற்காது. ஏப்ரல் முதல் ஜூன் வரை போகாதீர்கள். டி.சி.யும் புதுச் சேர்க்கையுமாக அலுவலகம் அல்லாடும் காலம் அது. பதிவேடு பள்ளியை விட்டு ஒரு நாளும் வெளியே போகக்கூடாது, ஜெராக்ஸ் கடைக்குக்கூட. அறையிலேயே வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கேட்க வேண்டியது சேர்க்கை நீக்கப் பதிவேடு. இது நிரந்தரமாக வைத்திருக்க வேண்டிய ஆவணம், அதனால் மற்றவை போனாலும் இது பெரும்பாலும் இருக்கும். வரிசை எண், சேர்ந்த தேதி, பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, சாதி, முன்பு படித்த பள்ளி, சேர்ந்த வகுப்பு, நீங்கிய தேதி, காரணம், டி.சி. எண் என்று ஓடும். கல்விக்கூடம் ஒன்றின் வரலாறு முழுக்க இந்தப் பத்துப் பன்னிரண்டு கட்டத்துக்குள் கிடக்கிறது. எடுக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

ஒருவர் படிக்க, ஒருவர் கணினியில் தட்ட வேண்டும். எல்லாக் கட்டத்தையும் ஏற்ற நினைத்தால் நடுவழியில் கைவிடுவீர்கள். சேர்ந்த ஆண்டு, வகுப்பு, ஆணா பெண்ணா, முன்பு படித்த பள்ளி, நீங்கிய ஆண்டு, காரணம் என்ற ஆறு போதும். மங்கிய மையோடும் கூட்டெழுத்தோடும் மணிக்கு 60, 70 பதிவுக்கு மேல் ஓடாது. 3,000 பதிவு என்றால் 45 மணி நேரம் என்று கணக்குப் போட்டு ஆள் சேருங்கள்.

"முன்பு படித்த பள்ளி" என்ற கட்டம்தான் பொக்கிஷம். எந்தெந்த ஊர்ப் பிள்ளைகள் எத்தனை மைல் நடந்து வந்தார்கள் என்பதை அது காட்டும். ஒரு ஊர்ப் பெயர் பத்தாண்டு வரிசையாக வந்து திடீரென்று நின்றால், அந்த ஆண்டு அங்கேயே ஒரு பள்ளி தரம் உயர்ந்திருக்கும். நீங்கிய காரணத்தில் பெண்பிள்ளைகளுக்கு எந்த வகுப்பில் "தொடர் வருகையின்மை" அதிகம் விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஊர் பேசாத கதை அதில் இருக்கும்.

இங்கே வழக்கமாக நடக்கும் பிழைகள் சில. வரிசை எண் நடுவில் மறுபடி 1இல் தொடங்கும். பள்ளி கைமாறியபோதோ தரம் உயர்ந்தபோதோ புதுப் பதிவேடு போட்டிருப்பார்கள், அதனால் கடைசி எண்ணை வைத்து "இதுவரை படித்தவர்கள் இவ்வளவு பேர்" என்று எழுதினால் தவறாகும். எட்டாம் வகுப்பு முடித்து அதே பள்ளியில் ஒன்பதுக்குப் போனவருக்குச் சில இடங்களில் புது எண் கொடுத்திருப்பார்கள். அது இரட்டைக் கணக்கு. பிறந்த தேதியை வைத்து எந்த ஆராய்ச்சியும் வேண்டாம். ஜூனில் ஐந்து வயது நிறைய வேண்டும் என்பதற்காக வாத்தியாரே மே, ஜூன் மாதங்களில் பிறக்க வைத்த தலைமுறை அது.

தலைமையாசிரியர் பெயர்ப் பலகையை அப்படியே படியெடுக்கக் கூடாது. பொறுப்புத் தலைமையாசிரியர்கள் பெரும்பாலும் அதில் இருக்க மாட்டார்கள். சில பள்ளிகளை இரண்டு மூன்று ஆண்டு நடத்தியதே அவர்கள்தான். பழைய டி.சி. புத்தகத்தின் அடிக்கட்டைகளில் யார் கையெழுத்து எந்தத் தேதி வரை ஓடுகிறது என்று பாருங்கள். சம்பளப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தால் இடைவெளி அடைந்துவிடும். பார்வையாளர் பதிவேடு, ஆய்வறிக்கை, பொருள் இருப்புப் பதிவேடு மூன்றையும் விடாதீர்கள். மின்விசிறி எப்போது வந்தது, ஆய்வகத்துக்குத் தராசு எப்போது வந்தது, பெண்களுக்குக் கழிப்பறை எப்போது வந்தது எல்லாம் அவற்றில்தான் இருக்கும். கழிப்பறைக்கும் பள்ளி தொடங்கியதற்கும் உள்ள ஆண்டு வித்தியாசத்தை மலரில் ஒரு வரி போட்டே ஆக வேண்டும்.

பழைய தாளைத் தொடும்போது எச்சில் தொட்டுப் புரட்டாதீர்கள். கிழிந்ததை செல்லோடேப் போட்டு ஒட்டாதீர்கள், நாலைந்து ஆண்டில் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். லேமினேஷன் அதைவிட மோசம், திரும்ப எடுக்க முடியாது. குறிப்பு எழுதப் பென்சில் மட்டும். படம் எடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம். ஜன்னல் ஓரமாக, வெயில் நேரே விழாத மேசையில், கைபேசி தாளுக்கு நேர் மேலே இருக்க எடுங்கள். ஸ்கேனர் இருந்தால் எழுத்துக்கு 300 டிபிஐ, பழைய கருப்பு வெள்ளைப் புகைப்படத்துக்கு 600. கோப்புப் பெயரை ஆண்டில் தொடங்குங்கள், "1961_சேர்க்கை_பக்கம்012" என்பது போல. வாட்சப்பில் அனுப்பி வாங்கிய படத்தை மூலமாக வைத்துக்கொள்ளாதீர்கள், அது சுருங்கி வருகிறது.

கல்லும் பலகையும்

பொதுப்பணித் துறை ஆட்கள் பெயின்ட் அடிக்கும்போது கல்வெட்டுக்கும் சேர்த்து அடித்திருப்பார்கள். சுரண்டாதீர்கள், உப்புத்தாள் போடாதீர்கள். இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், சுவரை ஒட்டினாற்போல் பிடியுங்கள். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து, பகலில் தெரியாத வரி தெரியும். மேல், கீழ், இடம், வலம் என்று நாலு பக்கமிருந்தும் ஒளியைக் காட்டி நாலு படம் எடுங்கள்.

அடிக்கல் நாட்டியதா, திறந்து வைத்ததா என்பதை வினைச்சொல்லில் பாருங்கள். இரண்டுக்கும் இடையே பல ஆண்டுகள் ஓடியிருக்கலாம். தமிழ் ஆண்டு மட்டும் இருந்தால் 60 ஆண்டுச் சுழற்சியை மறக்காதீர்கள். பிலவ என்றால் 1961-62ஆகவும் இருக்கலாம், 2021-22ஆகவும் இருக்கலாம். வருவாய்த் துறை காகிதத்தில் பசலி என்ற ஆண்டுக் கணக்கு வரும். 590 கூட்டினால் அந்த ஆண்டு ஜூலையில் தொடங்கும் ஆண்டு கிடைக்கும். பசலி 1370 என்பது 1960 ஜூலை முதல் 1961 ஜூன் வரை.

தேதியே இல்லாத முத்திரையையும் கடிதத் தாளையும் காலம் கணிக்கச் சில அடையாளங்கள் உண்டு. அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். "சென்னை மாநிலம்" என்றிருந்தால் 1969 ஜனவரிக்கு முன் அச்சானது. கணக்கு ரூபாய், அணா, பை என்று (பை என்பது அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கு) இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன், "நயா பைசா" என்றிருந்தால் அதற்குப் பின் சில ஆண்டுகள். லை, னை, ணை ஆகியவை யானைத் தும்பிக்கை வைத்த பழைய வடிவத்தில் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது என்று பலர் முடிவு கட்டுவார்கள். அவசரம் வேண்டாம். பலகை எழுதும் ஓவியர்கள் அதற்குப் பிறகும் பத்தாண்டு பழைய எழுத்தையே போட்டார்கள். புது வடிவத்தில் இருப்பது பெரும்பாலும் பிந்தியது என்பதை மட்டும் நம்பலாம்.

ஆணையைத் தேடும்போது

தரம் உயர்த்தும் அரசாணை பெரும்பாலும் ஒரு பள்ளிக்கு மட்டும் வராது. ஐம்பது, நூறு பள்ளிக்குச் சேர்த்து ஒரே ஆணை வரும். உங்கள் பள்ளியின் பெயர் இணைப்புப் பட்டியலில்தான் இருக்கும். ஆகவே பள்ளிப் பெயரைச் சொல்லித் தேடினால் கிடைக்காது. கல்வித் துறை, அந்த ஆண்டு, தரம் உயர்த்துதல் என்று தேட வேண்டும். பழைய ஆணைகளுக்கு எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.

கையில் கிடைத்த கடிதத்தின் எண்ணைக் கவனியுங்கள். ந.க. என்பது நடப்புக் கோப்பு. மூ.மு. என்றால் மூன்றாண்டு முடிவு, ப.மு. என்றால் பத்தாண்டு முடிவு. அந்தக் கெடு தாண்டினால் கோப்பை அழித்துவிடலாம் என்று பொருள். 1974ஆம் ஆண்டு மூ.மு. கடிதத்துக்குரிய கோப்பைக் கேட்டு அலுவலகத்துக்கு அலைவது வீண். உங்களிடம் இருக்கும் அந்த ஒற்றைத் தாளையே பத்திரப்படுத்துங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பதென்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்டக் கல்வி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். "பள்ளியின் வரலாறு முழுவதும் தருக" என்று கேட்டால் "அவ்வாறான தகவல் தொகுக்கப்படவில்லை" என்ற ஒற்றை வரிதான் திரும்பும். "இன்ன பள்ளி உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்தப்பட்ட அரசாணை எண், நாள், இணைப்பின் நகல்" என்று குறிப்பாகக் கேளுங்கள்.

ஆணை சிக்கவே இல்லையா? 1961, 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகளில் ஊர்வாரியாக என்ன பள்ளி இருந்தது என்ற பட்டியல் உண்டு. 61இல் நடுநிலை, 71இல் உயர்நிலை என்றால் பத்தாண்டு இடைவெளிக்குள் அடக்கிவிட்டீர்கள்.

நிலம்

"எங்க தாத்தா கொடுத்த இடம்" என்று மூன்று குடும்பம் சொல்லும். பெரும்பாலும் மூன்றுமே கொடுத்திருக்கும், வெவ்வேறு துண்டாக. பள்ளி வளாகத்தின் புல எண்களை (சர்வே எண்) புல வரைபடத்தில் பிரித்து, ஒவ்வொரு உட்பிரிவுக்கும் அ-பதிவேடு (நிலம் யார் பெயரில் என்று காட்டும் வருவாய்த் துறைப் பதிவேடு) பாருங்கள். தானப் பத்திரம் பதிவாகியிருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும். இணையத்தில் வில்லங்கம் பொதுவாக 1975க்கு இந்தப் பக்கம்தான் வரும். அதற்கு முன்பு என்றால் நேரில் மனுப் போட்டுக் கையால் தேடச் சொல்ல வேண்டும். எண்பதுகளில் நடந்த யூ.டி.ஆர். நில ஆவண மேம்பாட்டில் பல புல எண்கள் உட்பிரிவு மாறிப்போயின. பத்திரத்தில் உள்ள எண்ணும் இன்றைய எண்ணும் ஒத்துப்போகாவிட்டால், பத்திரம் பொய் என்று முடிவு கட்டாதீர்கள்.

இந்தத் தேடலில் அடிக்கடி வெளிவருவது ஒன்று: வாயால் கொடுத்த இடம், பட்டா இன்னும் கொடுத்தவர் பெயரிலேயே. மலரில் அதை அச்சிடுவதற்கு முன் தலைமையாசிரியர் காதில் போடுங்கள். அவர் வட்டாட்சியருக்கு எழுதட்டும். அச்சில் பார்த்த பேரன் பங்கு கேட்டு வந்த பிறகு எழுதுவது கடினம்.

ஆட்களிடம் கேட்பது

ஆண்டைக் கேட்காதீர்கள், யாருக்கும் சரியாக நினைவிருக்காது. "தனுஷ்கோடிப் புயலடிச்சப்ப நீங்க என்ன கிளாஸ் ஐயா?" என்று கேட்டால் 1964 டிசம்பர் கிடைத்துவிடும். 1965 இந்தி எதிர்ப்பு ஊர்வலம், 1967 தேர்தல், 1975இல் காமராஜர் இறந்த அக்டோபர் 2, 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். இறந்த அன்று என்று ஆணிகள் நிறைய உண்டு. ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, அப்போது கிணறு எங்கே, ஓலைக் கொட்டகை எங்கே, எந்த மரத்தடியில் எந்த வகுப்பு என்று வரையச் சொல்லுங்கள். வரையும்போது வாய் தானாகப் பேசும். ஒலிப்பதிவு செய்வதைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். முக்கால் மணிக்கு மேல் ஒரே நாளில் வேண்டாம்.

ஆசிரியர்களையும் பெரிய பதவிக்குப் போன மாணவர்களையும் மட்டும் தேடிப் போவது வழக்கம். மணியடித்த ஊழியர், சத்துணவு சமைத்த ஆயா, எட்டோடு நின்ற பெண்கள் ஆகியோரிடமும் போங்கள். உயர்நிலைப் பள்ளி வருவதற்கு ஓராண்டு முன் எட்டாவது முடித்து வீட்டில் உட்கார்ந்த அக்கா ஒருவர் சொல்வதுதான், அந்தப் பள்ளி ஏன் தேவைப்பட்டது என்பதற்குச் சரியான சாட்சி.

முன்னாள் மாணவர்களிடம் பழைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைக் கேளுங்கள். பள்ளியின் அன்றைய பெயர், முத்திரை, தலைமையாசிரியர் கையெழுத்து எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். படம் எடுத்துப் போடும்போது சாதி, பிறந்த தேதி, அங்க அடையாளம், மதிப்பெண் நான்கையும் மறைத்துவிடுங்கள். சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து எடுக்கும் சாதிக் கணக்கும் கூட்டுத்தொகையாக மட்டுமே அச்சேற வேண்டும்.

எண்ணிக்கையை வரையும்போது

ஆண்டுவாரி மாணவர் எண்ணிக்கையைக் கோடாக வரைந்தால் ஏற்றமும் இறக்கமும் தெரியும். இறக்கத்துக்கு உடனே "இங்கிலீஷ் மீடியம் வந்ததால்" என்று எழுதிவிடுகிறார்கள். பக்கத்து ஊரில் பள்ளி தரம் உயர்ந்ததா, மகளிர் பள்ளி தனியாகப் பிரிந்ததா, ஊரில் குழந்தைப் பிறப்பே குறைந்ததா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். பெண்கள் பள்ளி பிரிந்த ஆண்டில் கோடு பாதியாக விழும். அது வீழ்ச்சி ஆகாது.

தேர்ச்சி விழுக்காட்டிலும் கண்ணிகள் உண்டு. 2020, 2021இல் பத்தாம் வகுப்புக்குக் கொரோனாவால் தேர்வே இல்லை, அனைவரும் தேர்ச்சி. அந்த 100 விழுக்காட்டைச் சாதனைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். பிளஸ் டூ மொத்த மதிப்பெண் 1,200இலிருந்து 600 ஆனது 2019 தேர்வில். "பள்ளியின் அதிகபட்ச மதிப்பெண்" என்று ஒரே பட்டியல் போட்டால் பிந்தைய பிள்ளைகள் பாதிதான் வாங்கியதுபோல் தெரியும். எட்டுப் பேர் எழுதி எட்டுப் பேர் தேறிய ஆண்டுக்கு விழுக்காட்டோடு தலைக்கணக்கையும் சேர்த்துப் போடுங்கள்.

அச்சுக்கு

அச்சகத்தில் பாரம் என்றால் 16 பக்கம். ஆகவே 80, 96, 112 என்று பக்கத்தை நிறுத்துங்கள். 99 பக்கம் வந்தால் 13 வெற்றுப் பக்கத்துக்கும் சேர்த்துத்தான் காசு. டெம்மி அளவு கைக்கு வசதி. நன்கொடையாளர் படமும் வாழ்த்துச் செய்தியும் ஒரு பாரத்துக்கு மேல் போகாமல் முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவிடுங்கள், பிறகு யாரிடமும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. உடன்படாத ஆண்டுகளை ஒன்றாக்கி மழுப்பாமல், "கல்வெட்டின்படி இது, சேர்க்கைப் பதிவேட்டின்படி இது" என்று பக்கத்துப் பக்கத்தில் போடுங்கள். மெய்ப்பை ஊர்ப் பெயரும் இனிஷியலும் தெரிந்த ஒருவரிடமும், எதுவும் தெரியாத ஒருவரிடமும் தனித்தனியே கொடுங்கள்.

அச்சானதும் ஒரு படி எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு அனுப்புங்கள்; 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி அனுப்ப வேண்டியதுதான். எடுத்த படங்களை எல்லாம் இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, ஒன்றைப் பள்ளி பீரோவிலும் மற்றொன்றைக் கிளை நூலகத்திலோ குழுவில் ஒருவர் வீட்டிலோ வையுங்கள். பீரோவில் வைப்பதை இருப்புப் பதிவேட்டில் எண் போட்டு ஏற்றச் சொல்லுங்கள். எண் போடாத பொருளை அடுத்த தலைமையாசிரியர் வந்ததும் பழைய சாமானோடு போட்டுவிடுவார்கள்.